கடுக்காய் மையும் செம்பருத்தி மையும்: ஆறு வாரச் சோதனைக் குறிப்பு

ஓவியத்துக்கான மைகளை வீட்டிலேயே காய்ச்சத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. இதுவரை செம்பருத்தி, மஞ்சள், வெங்காயத் தோல், கடுக்காய் ஆகிய நான்கிலும் செய்து பார்த்திருக்கிறேன். காய்ந்த அன்று தெரியும் நிறத்தை நம்பி எந்த மையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதால், ஒவ்வொன்றையும் ஒரு தாள் துண்டில் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

முதலில் என்னைத் திகைக்க வைத்தது செம்பருத்திதான். ஒரு கைப்பிடி இதழ்களைக் கொதிநீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும், மங்கிய ஊதாவாக இருந்த நீர் கண்ணெதிரே பளிச்சென்ற சிவப்பாக மாறியது. ஆனால் அதே மையைத் தூரிகையில் தொட்டுத் தாளில் இழுத்தபோது, முதலில் கோட்டின் ஓரங்களிலும் பிறகு நடுவிலுமாகச் சிவப்பு மறைந்து, ஈரம் காய்வதற்குள் நீலச் சாம்பல் படர்ந்துவிட்டது. மறுபடியும் புதிதாகக் காய்ச்சினேன். மறுபடியும் அதே சாம்பல். குறை மையில் இல்லை, தாளில் இருந்தது. செம்பருத்திக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவோ பச்சையாகவோ மாறக்கூடியது. நெடுநாள் கெடாமல் இருப்பதற்காக ஓவியத் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுவதால் அவை சற்றே காரத்தன்மை கொண்டிருக்கின்றன. இது புரிந்த பிறகு, தாளின் ஒரு பகுதியில் எலுமிச்சைச் சாற்றையும் இன்னொரு பகுதியில் சலவை சோடாக் கரைசலையும் முன்கூட்டியே பூசிக் காயவைத்து, ஒரே மையில் இளஞ்சிவப்புப் பூவையும் பச்சை இலையையும் வரைந்தேன். இவ்வளவு அழகான மை ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. இப்போது ஒவ்வொரு புட்டியிலும் இரண்டு கிராம்புகளைப் போட்டுவைக்கிறேன்.

மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் சரியாகக் கரையாது என்பதால் சாராயக் கரைசலில் ஊறவைத்து வடித்தேன். ஒளி பொங்கும் நிறம்தான், ஆனால் சன்னலில் நான்கு வாரம் இருந்த துண்டில் அட்டை மூடியிருந்த பாதி மட்டுமே மஞ்சளாக எஞ்சியது.

வெங்காயத் தோலின் சாற்றை அப்படியே மையாக்காமல் நிறமியாக மாற்றினேன். சூடான சாற்றில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து, 5 கிராம் சலவை சோடாவை நீரில் கலக்கிச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றியதால் நுரை பொங்கிப் பாதிச் சாறு மேசையில் வழிந்தது. பாத்திரம் உயரமானதாக இருப்பது அவசியம். இரவு முழுவதும் அடியில் படிந்த வண்டலைத் துணியில் வடிகட்டி, உலர்த்தி, அரைத்துப் பிசின் நீரில் குழைத்தால் நல்ல பொன்னிற நீர்வண்ணம் கிடைக்கிறது.

என் மனம் முழுவதும் நின்றது கடுக்காயில். கொட்டை நீக்கி இடித்த 25 கிராம் கடுக்காய்த் தோலை 250 மில்லி நீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் இளந்தீயில் காய்ச்சி வடித்து, அதில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டையும் 5 கிராம் வேலம்பிசினையும் கரைத்தேன். தொட்டு எழுதும் நிப்பால் முதல் கோட்டை இழுத்தபோது அது வெளிறிய சாம்பலாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கருக்கத் தொடங்கி, மறுநாள் காலையில் அழுத்தமான கறுப்பாக நின்றது. கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானினும் அன்னபேதியின் இரும்பும் கலந்த கரைசல் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, நீரில் கரையாத கறுப்புப் பொருளாகத் தாளின் இழைகளுக்குள் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஆவணங்கள் பெரும்பாலும் இந்த வகை மையில்தான் எழுதப்பட்டன. அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் மாசிக்காய் பயன்பட்டது. இதே மை தாளை அரிக்கவும் செய்யும். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் கைப்பட எழுதிய இசைச் சுவடிகள் பல இந்த அரிப்பால் சிதைந்திருக்கின்றன.

அந்த அரிப்பின் தொடக்கத்தை என் துண்டிலேயே பார்த்தேன். முதல் தடவை கறுப்பு கூடுதலாக வரும் என்று நினைத்து 15 கிராம் அன்னபேதி போட்டிருந்தேன். ஐந்தாம் வாரத்தில் தாளைத் திருப்பியபோது ஒவ்வொரு கோட்டின் பின்னாலும் பழுப்பு நிற ஒளிவட்டம் போலக் கறை ஊறியிருந்தது. 8 கிராம் போட்டு அடுத்துக் காய்ச்சிய மையில் பின்புறம் சுத்தமாக இருக்கிறது, மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நிற வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. 6 கிராமில் காய்ச்சிய மூன்றாவது புட்டியின் துண்டை நேற்று சன்னலில் ஒட்டினேன். முதல் கோடு கருக்க முந்தையதைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது.