ஈரக்காற்றில் மீக்குளிர் அணுக்கள்

மீக்குளிர் அணு ஆய்வுக்கு வர நினைக்கும் மாணவர்கள் முதலில் வெப்பநிலையைப் பற்றித்தான் கேட்பார்கள். 1995இல் அமெரிக்காவின் போல்டரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் ருபிடியம்-87 அணுக்களைச் சுமார் 170 நானோகெல்வினுக்கு, அதாவது முழுப் பூச்சியத்துக்கு மிக அருகில், குளிர்வித்து, அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் சேரும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கினார்கள். அதன் படங்கள் இன்றும் ஆட்களை இழுக்கின்றன. ஆனால் கோலாலம்பூரில் இந்த வேலையில் நிலைக்க வேண்டுமென்றால், நம் ஊர் ஈரக்காற்றோடு மல்லுக்கட்டப் பழக வேண்டும். ஆய்வு ஆண்டுகளில் பாதி அதிலேயே கரையும்.

லேசரையே எடுத்துக்கொள்வோம். ருபிடியத்தைக் குளிர்விக்கும் ஒளியின் அலைநீளம் 780.24 நானோமீட்டர். லேசர் ஒளியைத் தரும் விலை குறைந்த டயோடு ஒன்று 25 பாகை செல்சியஸில் 784 நானோமீட்டரில் ஒளிர்ந்தால், அதைக் குளிர்வித்துத்தான் கீழே இறக்க வேண்டும். ஒரு பாகைக்கு அலைநீளம் கால் நானோமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். ஆக, டயோடு ஏறக்குறைய 11 பாகைக்கு வந்தாக வேண்டும். ஏர்கோன் ஓடும் அறையில் 22 பாகை, 60 விழுக்காடு ஈரப்பதம் என்றால், காற்றிலுள்ள நீராவி 14 பாகையிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். அதாவது, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலேயே டயோடு வியர்க்கும். வார இறுதியில் கட்டடத்தின் ஏர்கோனை அடைத்துவிட்டால், 27 பாகை, 75 விழுக்காடு. நீர் படியும் வெப்பநிலை 22 பாகைக்கு ஏறிவிடும். முதலில் ஒளியை இணையாக்கும் சிறு லென்ஸ் மங்கும். அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் வரித்தகடான கிரேட்டிங்கிலிருந்து திரும்பும் ஒளி குறையும், அலைநீளம் தாவும், லேசரைச் சரியான அலைநீளத்தில் பிடித்துவைக்கும் பூட்டு விடுபடும். காய்ந்த பிறகும் டயோடின் முகத்தில் கறை தங்கிவிட்டால், திறன் பழையபடி வராது.

ஆகவே, கொஞ்சம் விலை கூடினாலும் அறை வெப்பநிலையிலேயே 780க்கு அருகில் ஒளிரும்படி தேர்ந்தெடுத்த டயோடையே வாங்குவது நல்லது. முடியாதபோது லேசர் பெட்டியை ரப்பர் வளையமிட்டு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். நிறம் மாறியதும் அதை 110 முதல் 120 பாகை அடுப்பில் உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் ஓர் ஈரப்பத உணரியை வைத்து, எல்லை மீறினால் குளிர்விப்பான் தானாக நிற்கும்படி இணைப்பதும் அவசியம்.

அணுக்களை வைக்கும் வெற்றிடக் கலனுக்கும் இதே பகைதான். ஒருமுறை திறந்தால் எஃகுச் சுவரில் நீர் ஒட்டிக்கொள்ளும்; அதை விரட்டக் கலனைச் சூடேற்ற வேண்டும். உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டுத் திறப்பதும், திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும் பின்னால் பல நாள் சூடேற்றலை மிச்சப்படுத்தும். சூடேற்றும்போது கண்ணாடிச் சாளரங்களை அலுமினியத் தாளால் சுற்றி, நிமிடத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் விரிசல் விழும். 150 பாகையில் ஒரு வாரம் வைத்து ஆறவிட்டு, அயனி பம்பு 10⁻¹⁰ மில்லிபார் அளவைக் காட்டினால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

காந்தப்புலத்தில் நம் ஊருக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. காந்த நடுக்கோடு அருகிலேயே இருப்பதால், புவியின் புலம் இங்கே சுமார் 0.4 காஸ், அதுவும் பெரும்பாலும் கிடைமட்டமாக வடக்கு நோக்கி. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் செங்குத்துக் கூறுதான் ஓங்கியிருக்கும். அங்கிருந்து வந்த வரைபடத்தின்படியே, புவியின் புலத்தை ரத்துசெய்யும் ஈடுசெய் சுருள்களைச் சுற்றினால், செங்குத்துச் சுருள் வீணாகும், வடக்கு-தெற்குச் சுருளுக்கு மின்னோட்டம் போதாது. லேசரும் காந்தப்புலமும் சேர்ந்து அணுக்களைப் பிடிக்கும் பொறியில் அவை அப்போதும் சேரும். ஆனால் எளிய லேசர் குளிர்விப்பு எட்டக்கூடிய 146 மைக்ரோகெல்வின் என்ற டாப்ளர் எல்லைக்குக் கீழே அவற்றை இறக்க முடியாமல் திணற வேண்டிவரும்.

பொறியில் சிக்கிய அணுக்களின் ஒளிப்புள்ளியே தெரியாவிட்டால், இரண்டாம் லேசரை முதலில் பாருங்கள். தவறான நிலைக்கு இறங்கிய அணுக்களை மீட்பது அதுதான். அடுத்து ஒளியின் சுழற்சித் திசை, பிறகு சுருளின் மின்னோட்டத் திசை.

முனைவர் பட்டத்துக்குச் சிங்கப்பூரில் 2007இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையம் அருகில் உண்டு. ஆய்வைத் தொடராதவர்களுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் இருக்கிறது. ஒளியியல், வெற்றிடம், மின்னணு மூன்றிலும் கைபழகியவர்களுக்கு அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை உண்டு. நேர்காணலுக்குப் போகும்போது ஆய்வுக் கட்டுரையோடு, வெற்றிடக் கலனில் ஒரு கசிவைத் தேடிப் பிடித்த பதிவேட்டுப் பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள்: எந்த இணைப்பில் ஹீலியம் தெளித்தீர்கள், அளவி எவ்வளவு ஏறியது, இணைப்பை அடைக்கும் எந்தச் செப்பு வளையத்தை மாற்றினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.