மண்வள அட்டையில் இல்லாதவை

பெரம்பலூர் மாவட்டத்தில் உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்த புதிதில், எந்த நிலத்தில் எதை விதைப்பது என்பதை மண்ணும் மழையுமே முடிவு செய்வதாக நம்பியிருந்தேன். கரிசலில் மானாவாரியாகப் பருத்தி அல்லது மக்காச்சோளம், கிணறு இருந்தால் சின்ன வெங்காயம் என்ற பரிந்துரை வாய்ப்பாடுபோல நாவில் இருந்தது.

வேப்பந்தட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருந்த ஓர் அம்மாவிடம் முழுவதும் பருத்தி போடச் சொன்னேன். கணவர் வளைகுடாவில்; வீட்டில் மாமியாரும், பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகளும், ஒரு கறவை மாடும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பருத்திமாரை மாடு கடிக்குமா சார்?" என்று, பஞ்சு எடுத்தபின் மிஞ்சும் காய்ந்த குச்சியைச் சொல்லிக் கேட்டார். அரை ஏக்கரில் சோளம் விதைத்தால் தட்டை மாட்டுக்கு ஆகும். பால் பணத்தில்தான் மளிகைக் கடன் அடைகிறது. மக்காச்சோளத் தட்டையும் தீவனம்தானே என்றேன். தடித்த தட்டையில் பாதியை மாடு கழித்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். மீதி இரண்டரை ஏக்கருக்கு மக்காச்சோளம் என்பதை எப்போதோ முடிவு செய்திருந்தார். பருத்தி ஒரே நாளில் வெடிப்பதில்லை. வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், எடுக்கத் தவறிய நேரத்தில் மழை பெய்தால் பஞ்சு கெடும். மக்காச்சோளத்தை ஒரே முறையில் அறுத்து, கதிரடிக்கும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம். 2018இல் படைப்புழு தாக்கிய பிறகும் பலர் மக்காச்சோளத்தை விடாததற்குப் பிடிவாதம் காரணமல்ல, வீட்டில் ஆள் இல்லாததே காரணம் என்பது என் எண்ணம்.

வெங்காயத்தின் கதை வேறு. கிணறும் மின்மோட்டாரும் இருந்தும் சிலர் அதைத் தொடவில்லை. அவர்களிடம் வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் பட்டறை இல்லை. கல் பாவி, காற்றோட்டத்துக்குப் பக்கங்களில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த அந்தச் சிறு அமைப்பு உள்ளவர், ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காயை, அதாவது அடுத்த நடவுக்கான வெங்காயத்தைத் தம் விளைச்சலிலிருந்தே எடுத்துவைப்பார், விலைக்கும் காத்திருப்பார். இல்லாதவர் அறுவடையின்போது வயலிலேயே வந்த விலைக்கு விற்றுவிட்டு, நடவின்போது கூடுதல் விலைக்கு வாங்குவார். மண்ணைச் சோதித்து அதன் சத்துகளைக் குறித்துத் தரும் மண்வள அட்டையில் இருவர் நிலமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மறு ஆண்டு ஐப்பசியில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனபோது தொழுவம் காலியாக இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாட்டை விற்றிருந்தார். மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் முளைத்திருந்தது.