டாக்சிக்கு 70 டாலர், ஆட்டத்துக்குப் பைசா செலவில்லை

டிஸ்க் கோல்ஃப் ஆடப் போன கதைதான் இது, ஆனால் முதலில் அந்த டாக்சிக் கதையைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. சான் ஹோசேயில் அக்கா வீட்டிலிருந்து இரவு பஸ்ஸில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்பினேன். பத்து மணி பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. சீட்டுக்கு சீட்டு சார்ஜ் போடும் வசதி உண்டு என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். என் வரிசையில் ஒரு பிளக்கிலும் கரண்ட் இல்லை. விடிந்து இறங்கும்போது போன் செத்திருந்தது. ஆப்பில் வண்டி பிடிக்க வழியில்லை. ஸ்டாண்டில் நின்ற டாக்சிக்காரர் மீட்டரே போடாமல் கூட்டிப்போய், இறங்கும் இடத்தில் 70 டாலர் என்றார். கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்! வாக்குவாதம் செய்தும் ஒரு டாலர் குறைக்கவில்லை. திரும்பும்போது அதே தூரத்துக்கு ஆப்பில் 31 டாலர்தான் ஆனது. பவர் பேங்க் இல்லாமல் ராத்திரி பஸ் ஏறவே ஏறாதீர்கள்.

அப்படிக் கொதிப்போடு போய் இறங்கிய இடம் ஓக் குரோவ். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பாசடீனாவின் ஹஹமோங்னா பூங்காவுக்குள், நாசாவின் ஜேபிஎல் விண்வெளி ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் இதுதான், 1975-இல் வந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பத்து வினாடியில் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் கையால் வீசும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடையில் போடுபவர் ஜெயித்தார். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் இருந்த எட் ஹெட்ரிக்தான் இதை விளையாட்டாக வளர்த்தவர். ஆரம்பத்தில் இங்கே கூடை இல்லை, வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வரத்தானே செய்யும்? அப்புறம்தான் சங்கிலிக் கூடையை உருவாக்கி, 1977-இல் காப்புரிமையும் வாங்கினார். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். ஒரு விளையாட்டின் மேல் இப்படியும் ஒருவருக்குப் பிரியம் இருக்க முடியுமா என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓக் மரங்களுக்கு நடுவே புழுதித் தரை. காலடியில் ஓக் கொட்டைகள் நொறுங்கும். தட்டு சங்கிலியில் மோதும்போது சில்லறை மூட்டையை உதறியது போல ஒரு சத்தம். சங்கிலி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கும். தனியாக ஆடிக்கொண்டிருந்த என்னை மூன்று பெரியவர்கள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். வலது கையால் பின்கை வீச்சு, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் விரித்து வீசினால் தட்டு கடைசியில் இடதுபக்கம் சரியும். அதைக் கணக்குப் பண்ணி மரத்துக்கு வலதுபக்கம் குறிவைக்கச் சொல்லிக்கொடுத்தார் ஒருவர். அந்த ஒரு பாடத்தில் என் ஆட்டமே மாறியது.

மதியம் ரோட்டோர வண்டியில் அல் பாஸ்டோர் டாக்கோ. கம்பியில் சுழலும் பன்றி இறைச்சியைச் சீவி, சின்ன மெக்சிகன் ரொட்டியில் வைத்து, மேலே ஒரு துண்டு அன்னாசி. நாலு சாப்பிட்டேன், 12 டாலர். அந்தப் பயணத்தில் செலவழித்த காசில் மனசாரக் கொடுத்தது அதுதான்.

சரி, அடுத்த ஞாயிறு அத்தானோடு சாண்டா குரூஸ். அங்கே டெலவியாகா என்ற மைதானம், மலைச்சரிவில். ஓக் குரோவ் பரவாயில்லை என்று சொல்ல வைக்கும் அளவுக்குக் கஷ்டம். கூடைக்கு அந்தப் பக்கம் பள்ளம். கொஞ்சம் தவறினாலும் தட்டு உருண்டு கீழே போய்விடும். என் மஞ்சள் தட்டு ஒரு புதருக்குள் போனதும் நான் கையை விட்டேன். "மாப்ள, கையை எடு! மூணு மூணு இலையா இருக்கு பாரு!" என்று அத்தான் கத்தினார். பாய்சன் ஓக். பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். குச்சியால் தள்ளி எடுத்து, துடைத்த துணியை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டோம். இந்தப் பக்கம் ஆடப் போகிறவர்கள் முழு பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள்.

கொண்டுபோக வேண்டியதைப் பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பழைய தட்டு இரண்டு, தண்ணீர், அவ்வளவுதான். என் இரண்டு தட்டும் சேர்த்து 18 டாலர். ஓட்டல் வாடகைக்கே விழி பிதுங்கும் கலிஃபோர்னியாவில் ஒரு முழு நாளை இவ்வளவு மலிவாகக் கழிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் டெலவியாகாவின் 27-ஆம் கூடையைச் சொல்லாமல் எப்படி விடுவது? 'டாப் ஆஃப் த வேர்ல்டு' என்று பெயர். குன்றின் உச்சியில் நின்றால் கூடை 150 மீட்டருக்கும் அப்பால், ரொம்பக் கீழே. தூரத்தில் மான்டரே விரிகுடா நீலமாகத் தெரிகிறது. வீசினேன். தட்டு விழவே மாட்டேன் என்பது போல மிதந்தது, அப்புறம் இடதுபக்கம் சரிந்து மரங்களுக்குள் மறைந்தது. இறங்கிப்போய் இருபது நிமிடம் தேடினோம். கூடையிலிருந்து முப்பது அடி தள்ளி, சருகுக்குள் பாதி புதைந்து கிடந்தது. இரண்டு வீச்சில் உள்ளே போட்டேன். அத்தான் என்னைவிட சத்தமாகக் கத்தினார்.