நாலு சீட், மூணு பேர், ஒரு மடித்த காகிதம்

சின்ன விமானத்தில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: “எத்தனாவது கை வண்டிம்மா?”

அது என் வண்டியே இல்லை. நான் உறுப்பினராக இருக்கும் பறக்கும் கிளப்புடைய செஸ்னா 172எஸ். வயது இருபதைத் தாண்டிவிட்டது. எத்தனாவது கை என்று கிளப்பிலேயே இரண்டு கருத்து உண்டு. இதை அப்படியே சொன்னால் மனிதர் ரயில் டிக்கெட் எடுத்துவிடுவார். அதனால் பேச்சை மாற்றி, 172 ரகம் முதன்முதலில் 1955-ல் பறந்தது, இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்திலேயே அதிகமாகத் தயாரான விமானம் இதுதான் என்றேன். “அப்ப ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு இருக்காது” என்று திருப்தியாகத் தலையாட்டினார். சித்தப்பா ஓய்வு பெற்ற ஆடிட்டர். ஓய்வு வேலையிலிருந்துதான், ஆடிட்டிலிருந்து இல்லை.

போக வேண்டிய இடம் மேற்கே சுமார் 900 கிலோமீட்டர். சித்தியின் தங்கை வீடு. காற்று சும்மா இருந்தால் நாலரை மணி நேரம். காற்று சும்மா இருந்தால்.

பெரிய விமானத்தில் ஏறும்போது நம்மை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை, சராசரி எடையை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். மூன்று பேர் ஏறுகிற விமானத்தில் சராசரி செல்லாது. 172எஸ் தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 200 லிட்டர், அதுவே 144 கிலோ. விமானத்தின் வெறும் எடையையும் கழித்தால், எங்கள் வண்டியில் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 250 கிலோ. இருக்கை என்னவோ நாலு. டேங்கை நிரப்பிவிட்டு நாலு பெரியவர்களை ஏற்றினால் சட்டப்படி கிளம்ப முடியாது. இந்த நாலாவது சீட் எதற்கு இருக்கிறது என்று நானும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன். ஜாக்கெட் வைக்க வசதியாக இருக்கிறது.

எடை மட்டும் போதாது, அது எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு எடையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வரும் எண் ஒரு எல்லைக்குள் நிற்க வேண்டும். வால் பக்கம் கனம் கூடிவிட்டால் மூக்கு தூக்கிக்கொண்டே இருக்கும், விமானம் ஒருமுறை நிலை தவறினால் மீட்பது கஷ்டம். இதை நான் பயத்தோடு விளக்கினேன். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “டிரையல் பேலன்ஸ்! இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?”

அப்புறம் எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தேன்.

சித்தப்பா வாயால் சொன்னது 75. மெஷின் சொன்னது 84. இறங்கி, ஷூவைக் கழற்றி, மறுபடி ஏறினார். ஷூ போட்டுக்கொண்டுதானே பறக்கப் போகிறீர்கள் என்றேன். மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அதற்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார். 84 என்று எழுதிக்கொண்டேன். என் பங்குக்கு 58 என்று எழுதினேன், அதுவும் முழுமனதோடு இல்லை.

சித்தி ஒன்றும் பேசவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது கையில் எட்டாக மடித்த ஒரு காகிதம். “பைலட்டுக்கு மட்டும்.”

“முப்பத்தெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், எனக்குத் தெரியக் கூடாதா?” என்றார் சித்தப்பா.

“முப்பத்தெட்டு வருஷமாத் தெரியாமத்தானே இருந்தீங்க, என்ன குறைஞ்சு போச்சு?”

கணக்குப் போட்டேன், எல்லைக்குள் வந்தது. வந்ததும் தாளில் ‘பின் இருக்கை’ என்ற வரியைப் பேனாவால் கறுப்பாக அடித்துவிட்டு, மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக ஒரு நினைப்பு.

நினைத்த நாளில் கிளம்பவில்லை. மேகம் தாழ்ந்து கிடந்தது. மேகத்துக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, அதற்குக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். பஞ்சு மாதிரிதானே இருக்கிறது, நுழைந்தால் என்ன என்று சித்தப்பா கேட்டார். தொடுவானம் கண்ணில் படாவிட்டால் உடம்பு பொய் சொல்லும், விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும், நமக்கு நேராகப் போவது மாதிரியே இருக்கும் என்றேன். இரண்டு நாள் மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் காலை, தெளிவான வானம். கிளம்புமுன் எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கனமானது, டேங்கின் அடியில் தங்கும். அதனால் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கம். எரிபொருள் வெளிர் நீலமாக இருக்கும், தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும். 172எஸ்ஸில் இப்படிப் பிடிக்க 13 இடம். ஒரு இறக்கைக்கு ஐந்து, மூக்குப் பக்கம் அடியில் மூன்று. சித்தப்பா கூடவே குனிந்து குனிந்து விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டோடு நான் எழுந்ததும், “இன்னும் ஒண்ணு பாக்கி” என்றார். உண்மைதான். அந்த ஒன்றுக்காக நான் அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லவில்லை.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்று மேக்னெட்டோ சோதனை. எஞ்சினில் தீப்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி மேக்னெட்டோக்கள் இருக்கும், ஒன்று படுத்தாலும் மற்றது ஓட்டும். ஒவ்வொன்றாக அணைத்து, எஞ்சின் சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் சத்தம் லேசாக இறங்கியது. பின்னாலிருந்து சித்தி, “நல்லா ஓடிட்டிருந்ததை ஏம்மா ஆஃப் பண்றே?” என்றார். நியாயமான கேள்வி.

மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு அடி சேர்த்த உயரத்திலும், கிழக்கே போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறிலும் பறப்பது பல நாடுகளில் விதி, எதிரெதிரே வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க. நான் 8,500 அடி எடுத்தேன். குலுக்கல் இல்லை, குளிர்ச்சி, சித்தி தூங்கிப்போனார். ஜிபிஎஸ் காட்டிய வேகத்தைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. காற்றில் எங்கள் வேகம் 110 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்). தரையில் 85. எதிர்க்காற்று 25 நாட்டை முழுங்கிவிட்டது. கீழே நெடுஞ்சாலையில் ஒரு வெள்ளைக் கார் எங்களோடு சேர்ந்தே வந்தது. அதைப் பின்னால் விட்டுவிட்டோம் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

சித்தப்பா பேனாவை எடுத்துவிட்டார். “85 நாட்னா ஆறு மணி நேரம் ஆகுமே. மணிக்கு எவ்வளவு லிட்டர் குடிக்குது?” சுமார் 35 என்றேன். “200-ஐ 35-ஆல வகுத்தா ஆறு மணி வரலையேம்மா.” வராதுதான். அதோடு பகலில் பறந்தாலும் குறைந்தது அரை மணிக்கான எரிபொருள் கடைசியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நிறுத்தம் என்று போட்ட திட்டம் அங்கேயே இரண்டு நிறுத்தமானது.

சொல்லப்போனால் எரிபொருள் ஒரு பிரச்சினையே இல்லை. நீண்ட பயணத்தில் எங்கே இறங்குவது என்று வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்வது நாம்தான் என்று விமானிகள் நினைத்துக்கொள்கிறோம். முடிவு செய்வது நமக்குள் இருக்கும் இன்னொரு டேங்க். அதற்கு அளவுமானி கிடையாது, கழிப்பறையும் கிடையாது. இரண்டாவது மணி நேரத்தில் சித்தப்பா பேசுவதை நிறுத்தினார். அவர் பேசாமல் இருந்தால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

இறங்கியது ஆளில்லாத ஒரு சின்ன விமானத் தளம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. அந்தத் தளத்துக்கான அலைவரிசையில் ‘இதோ வருகிறேன், இதோ திரும்புகிறேன்’ என்று நாமே காலியான வானத்துக்கு அறிவித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினோம். சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு கழிப்பறையை நோக்கி நடந்தார், ஓடவில்லை, ஆனால் நடை என்றும் சொல்ல முடியாது. கதவில் எண் பூட்டு. பக்கத்தில் ஒரு அட்டை: ‘நாலு இலக்கம். இத்தளத்தின் ரேடியோ அலைவரிசை.’

விமானிகளுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக இருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள், நல்ல யோசனை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே அலைவரிசையில் ஆறு முறை பேசிய எனக்கு அந்த எண் சுத்தமாக மறந்துவிட்டது. “இரும்மா, யோசி, யோசி” என்று கால் மாற்றி மாற்றி நின்றார். ஓடிப் போய் ரேடியோவைப் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வரைபடத்தைப் பிரித்து, தளத்தைத் தேடி, எண்ணைக் கண்டுபிடித்துக் கத்தினேன். மடித்த வரைபடத்தை அன்றைக்கு விரித்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் விரித்ததில்லை.

திரும்பி வந்தவர் புது மனிதர். உற்சாகப்படுத்தலாம் என்று அடுத்த கட்டப் பறப்பில் ஒரு கதை சொன்னேன். இதே 172 ரகத்தில் ராபர்ட் டிம், ஜான் குக் என்று இரண்டு பேர் லாஸ் வேகஸில் 1958 டிசம்பர் 4 அன்று ஏறி, 1959 பிப்ரவரி 7 அன்றுதான் இறங்கினார்கள். 64 நாள். பாலைவனச் சாலையில் ஓடும் லாரிக்கு மேலேயே பறந்து, குழாயை மேலே இழுத்து எரிபொருள் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருநாள் டிம் தூங்கிவிட, ஆட்டோபைலட் ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாகவே ஓட்டியிருக்கிறது. அந்த விமானத்தை இப்போது லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. “அறுபத்து நாலு நாளா?” என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக மரியாதையோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நிறுத்தம் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கதவு திறந்தே இருந்தது.

கடைசிக் கட்டத்தில் 4,500 அடிக்கு இறங்கிவிட்டேன். தாழ்வாகப் போனால் எதிர்க்காற்று குறைவு, ஆனால் மத்தியான வெயிலில் தரையிலிருந்து கிளம்பும் சூட்டுக் காற்று போட்டுக் குலுக்கும். சித்தப்பா முன்னாலிருந்த ஸ்டியரிங்கைப் பஸ் கம்பி மாதிரி பிடிக்கப் போனார். சும்மா கை வைத்துக்கொள்ளுங்கள், இழுக்காதீர்கள், அதன் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள், அது ரேடியோவில் பேசுவதற்கு என்றேன். சும்மா இருக்கட்டும் என்று எடைத் தாளை மடியில் கொடுத்தேன். குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போலத்தான்.

சேரும் இடத்தின் கட்டுப்பாட்டாளரோடு பேசி முடித்திருந்தேன். அலைவரிசையில் அமைதி. சித்தப்பா தாளை உற்றுப் பார்த்தார். பின் இருக்கை வரி கறுப்பு. மேல் வரிகள் தெளிவு. கீழே, நான் அடிக்க மறந்த ஒரே இடம்: ஆட்கள், பெட்டிகள் மொத்தம் 243.

பேனா அசைந்தது. ஐம்பத்தெட்டு. எண்பத்து நாலு. பெட்டி இருபத்து நாலு. நான் பார்த்துவிட்டேன். “சித்தப்பா, வேண்டாம்” என்று வாயெடுக்கும்போது விமானம் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது, பொத்தானோடு சேர்த்து.

“எழுபத்தேழு! அவ எழுபத்தேழு கிலோ!”

சுற்று வட்டாரத்தில் அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானங்களுக்கும், தரையில் இருந்த கட்டுப்பாட்டாளருக்கும், சுத்தமான தமிழில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கட்டுப்பாட்டாளரின் குரல், பொறுமையாக: கடைசியாக அழைத்த நிலையம், ஸே அகெயின்.

தூங்குகிறார் என்று நினைத்திருந்த சித்தி பின் இருக்கையிலிருந்து மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

“திரும்பச் சொல்லச் சொல்றாங்க இல்ல? எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க பார்க்கலாம்.”