தங்கவயல் கிளைப்பாதை: 10 ரூபாய் ரயிலும் 300 ரூபாய் ஆட்டோவும்

கர்நாடகத்தின் பழைய தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலிலிருந்து நேற்றிரவுதான் திரும்பினேன். எந்த ரயில், எத்தனை மணி, எங்கே தங்கலாம் என்று முறையாக எழுதத்தான் குறிப்பேட்டோடு சென்றேன். ஆனால் ஆட்டோவுக்கு அழுத 300 ரூபாய் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால், மனத்தில் நிற்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பங்காருப்பேட்டை சந்திப்பில் விடியும் முன்பே இறங்கி, தங்கவயலுக்குள் போகும் மாரிகுப்பம் ரயிலுக்காகக் காத்திருந்தேன். அப்போது மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில் வந்து நின்றது. படியில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கியவர்களும், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டே தூங்கியவர்களுமாக, அந்த ரயிலில் இனி ஒருவர் ஏற இடமில்லை என்று நான் நினைத்த நேரத்தில் இருபது பேராவது ஏறினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் போய்வருவதுதான் தங்கவயல்காரர்கள் பலருக்குப் பிழைப்பு. எதிர்த்திசையில் நான் ஏறிய பெட்டியில் என்னோடு சேர்த்து ஏழு பேர்.

பயணச்சீட்டு 10 ரூபாய். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரையிலான இந்தக் கிளைப்பாதையின் நீளம் 16 கிலோமீட்டர். பங்காருப்பேட்டைக்கு முன்பு பவுரிங்பேட்டை என்று பெயர். மைசூர் ஆணையராக இருந்த லெவின் பவுரிங்கின் பெயரால் அமைந்தது. ஊர்ப்பெயர் மாறிய பிறகும் ரயில்வேயின் நிலையக் குறியீடு பழைய பெயரையொட்டி BWT என்றே இருப்பதால், பவுரிங் துரை இன்னும் முழுமையாக இறங்கிப் போய்விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உரிகம், மாரிகுப்பம் பகுதிகளில் ஊர்மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1802-லேயே பதிவு செய்திருந்தார். நியூசிலாந்துப் போரில் பங்கேற்று ஓய்வுபெற்ற லவேல் என்ற அயர்லாந்துக்காரர் 1873-ல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் சுரங்க நிறுவனம் உள்ளே வந்தது. கொதிகலன்களும் இயந்திரங்களும் பவுரிங்பேட்டையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் இழுத்துச் செல்லப்பட்டன. இது கட்டுப்படியாகாது என்பது தெரிந்த பிறகுதான், மைசூர் அரசின் பொறுப்பில் இந்த அகலப் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து, காவிரியின் மின்சாரத்தைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தங்கவயலைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் லவேலில் தொடங்கித் துரைமார்களின் பங்களாவில் முடித்துவிடுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித் மக்கள், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன அந்தக் குழிகளுக்குள் கூண்டில் இறங்கினார்கள். அவர்களுக்கு இந்த ரயில், பண்ணையாரின் ஊரைவிட்டு வெளியேறும் வழியாகவும் இருந்தது. தலித் விடுதலைக்குப் பௌத்தத்தை வழியாக முன்வைத்த அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை உருவானதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயர்களே சுரங்கங்களின் பெயர்ப்பட்டியலாக வருகின்றன. பெயர்ப்பலகைகளில் கன்னடம், இந்தி, ஆங்கிலம். நடைமேடையில் என் காதில் விழுந்தது முழுவதும் தமிழ். வழியில் சயனைடு மண்மேடுகள், உச்சி சீவப்பட்ட மலைகளைப் போல நிற்கின்றன. பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு அது. சன்னல் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தேன். முகப்பவுடரைவிட நைசான சாம்பல்நிறத் தூள் ஒட்டியது. காற்றடிக்கும் காலத்தில் சோற்றுப் பானையைத் திறக்க முடியாது என்று எதிரே அமர்ந்திருந்த அம்மா சொன்னார்.

மாரிகுப்பத்தில் தண்டவாளம் முடிகிறது. அதை ஆந்திராவிலுள்ள குப்பம் என்ற ஊரோடு இணைக்கும் திட்டம் இருக்கிறது. எனக்கோ நிலையத்துக்கு வெளியிலேயே சோதனை தொடங்கிவிட்டது. "எல்லா சுரங்கமும் காட்டறேன் சார், 300 கொடுங்க" என்ற ஆட்டோக்காரர், பூட்டிய இரண்டு வாயில்களையும், சுவருக்கு மேல் தெரிந்த ஓர் இரும்புக் கோபுரத்தையும் காட்டிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் ராபர்ட்சன்பேட்டையில் இறக்கிவிட்டார். ரயிலில் போகவர 20 ரூபாய் என்று பெருமையோடு கணக்குப் போட்டு வந்தவனுக்கு இது பேரிடி.

ஆனால் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சிறிய மெஸ்ஸில் கிடைத்த கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் என் கோபத்தைப் பாதியாகக் குறைத்தன. கன்னடத்தில் முத்தே என்று சொல்லப்படுவதை அங்கே களி என்றே பரிமாறினார்கள். உருண்டையை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் மென்றுகொண்டிருந்ததைக் கண்ட மெஸ்காரர், "களியை மெல்லக் கூடாது தம்பி, எங்க தாத்தா ஆற்காட்டிலிருந்து வரும்போதே முழுங்கித்தான் சாப்பிட்டாரு" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். விலை 110 ரூபாய். இரண்டாம் உருண்டைக்குப் பணம் வாங்கவில்லை.

மாலையில் மாரிகுப்பத்தில் ரயிலுக்காக உட்கார்ந்து செலவுக் கணக்கை எழுதினேன். களிக்கும் ரயிலுக்கும் கொடுத்ததை இன்னொரு முறையும் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். ஆட்டோக்காரர் காட்டிய அந்த இரும்புக் கோபுரமோ, நான் உட்கார்ந்திருந்த இருக்கையிலிருந்தே இலவசமாகத் தெரிந்தது.