52 வயதில் டி.சி. கேட்டார்கள்

கல்வெட்டு வாசிப்பது கஷ்டம் என்று பயமுறுத்தியவர்கள் யாரும் டி.சி. வாங்குவது அதைவிடக் கஷ்டம் என்று சொல்லவில்லை.

நான் வங்கி ஊழியன். தொல்லியல், கல்வெட்டியல் பட்டயத்துக்கு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் ஒரு மணி நேர வேலை. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் மாட்டினேன். கடைசியாகப் படித்த இடத்து டி.சி. வேண்டுமாம். தபால் வழியில் எம்.காம். முடித்தது 1998-ல், அதற்கு டி.சி. என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தடவை போனபோது செலான் கட்டும் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை, பதிவு எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி பரணில் ஏறி, பழைய ஹால் டிக்கெட்டைத் தேடி வாட்ஸப்பில் அனுப்பினாள். ஒருவழியாகக் கைக்கு வந்த டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று இருந்தது. என்னைக் கண்ணால் பார்க்காதவர்கள் கொடுத்த நற்சான்று! வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறக் கேட்கும் மைக்ரேஷன் சான்றிதழுக்கும் அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் மூன்றாவது பஸ். படிக்க ஆட்சேபணை இல்லை என்று ஆபீஸ் தரும் என்.ஓ.சி.யையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

வகுப்பு நன்றாகவே போனது. புள்ளி வைக்காத எழுத்துதான் ஒரு மாதம் படுத்தியது. க-வா க்-ஆ என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கோயில் சுவரில் படி எடுக்கப் போனோம். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் வற்றி வரும்போது மை ஒற்ற வேண்டும். நான் அவசரப்பட்டேன்; மை பரவித் தாள் கிழிந்தது. இரண்டாவது தாளில் கருப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. விரல் வைத்துக் கூட்டினேன்: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள்; கோயில் விளக்குக்காக விட்ட ஆடுகள். பொறுப்பேற்றவர் எண்ணிக்கை குறையாமல் ஆட்டைக் காத்து, தினம் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். முதல் அப்படியே இருக்கும், வட்டி நெய்யாக வரும். எங்கள் ஃபிக்சட் டெபாசிட்டேதான்!

எத்தனை ஆடு என்று பார்த்தால், 'தொண்ணூ' வரை தெளிவு; அதற்கு மேல் கல் பெயர்ந்திருக்கிறது. தொண்ணூறா, தொண்ணூற்றாறா என்று வகுப்பில் இன்னும் தகராறு ஓயவில்லை.