பழைய பஜெரோவின் பின் கண்ணாடியை மாற்றிய கதை

எங்கள் வீட்டு ஜீப் முதல் தலைமுறை பஜெரோ. 1982இல் அறிமுகமாகி 1991 வரை வந்த அந்தச் சதுர உடம்புக்காரன். ஹட்டன் பக்கம் இப்படிப் பழைய ஜீப்புகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. பாசம் மட்டும் காரணமில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி விட்டார்கள். நடுவில் கையில் இருந்ததைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது வரியோடு சேர்த்து விலை கேட்டுப் பார்த்தால், இனியும் தட்டிக்கொட்டுவதே மேல் என்று தோன்றுகிறது.

இந்த ஜீப்பின் பின் கண்ணாடி ஒரு கல்லுக்குப் போய்விட்டது. தோட்டத்து ரோட்டோரம் புல் வெட்டும் மெஷினில் இருந்து தெறித்த கல், சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். முன் கண்ணாடியில் பட்டிருந்தால் ஒரு கீறலோடு முடிந்திருக்கும். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் அப்படியே நிற்கும். பின் கண்ணாடி வேறு சாதி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று குளிரவைத்த டெம்பர் கண்ணாடி. அதன் மேல்தோல் அமுக்கத்தில் இறுகியிருக்கும், உள்ளே இழுவிசை. அந்தத் தோலை ஓரிடத்தில் ஆழமாகக் கிழித்துவிட்டால் போதும், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டாகக் கொட்டிவிடும். கொட்டியது.

இன்சூரன்ஸ் மூன்றாம் தரப்பு மட்டும்தான், அதில் நம் கண்ணாடிக்கு ஒரு சதம் வராது. புல் வெட்டிய தம்பி நாட்சம்பளக்காரர், அவரிடம் காசு கேட்க மனசு வரவில்லை. சரி, நாமே மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் கனமான பொலித்தீனை வெட்டி டேப் போட்டு ஒட்டினேன். மழைக்கு ஓரளவு தாங்கியது. வேகம் எடுத்ததும் ஒரு பக்கம் பிய்ந்து, டிக்கோயா தாண்டுவதற்குள் உள்ளே ஒரே டீசல் புகை. மகள் வாந்தி எடுக்காத குறை. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் ஒன்று உருவாகிறது, சைலன்சர் புகை அதில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் திறப்பு இருந்தால் அது நேரே உள்ளே வரும். முன் ஷட்டரை, அதாவது கதவு ஜன்னல் கண்ணாடியை, இறக்கினால் குறையும் என்று நினைப்போம், இன்னும் கூடும். ஷட்டர்களை ஏற்றிவிட்டு, டாஷ்போர்ட் ஃபேனை வெளிக்காற்று எடுக்கும்படி முழு வேகத்தில் விட்டால்தான் தலைவலி குறைகிறது. டீசல் ஜீப்பைப் பின் கண்ணாடி இல்லாமல் கொழும்பு வரை ஓட்டிப் போய் வேலையை முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டவுனில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் விசாரித்தேன். "அளவக் கொண்டு வாங்க அண்ணே, அரை மணித்தியாலத்துல வெட்டித் தந்துடுறேன்" என்றார் கடைத் தம்பி. வெட்டித் தருவார்தான். ஆனால் அது வீட்டு ஜன்னல் கண்ணாடி, உடைந்தால் கத்தி கத்தியாக விழும். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அதைப் போடுவதை விடப் பொலித்தீனே பரவாயில்லை. டெம்பர் செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவே முடியாது. வெட்டுவது, ஓட்டை போடுவது எல்லாம் டெம்பர் செய்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். படலம் வைத்த கண்ணாடியை அளவுக்கு வெட்டலாம், ஆனால் கடைகளில் கிடைப்பது 6 மில்லிமீட்டரைத் தாண்டும். என் ஜீப்பில் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பரின் பள்ளம் 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு உரியது. அதோடு கண்ணாடியில் படியும் பனியைக் கரைக்கும் சூடேறும் கோடுகள் வேண்டும். கொழும்புக்காரர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடுகள் அலங்காரமாக இருக்கலாம். இங்கே 1,200 மீட்டருக்கு மேலே, மூடுபனி இறங்கினால் பின்னால் வரும் கொழுந்து லொறியைக் காட்டுவது அந்தக் கோடுகள்தான்.

ஆகவே பஞ்சிகாவத்தை. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் என்றால் எல்லாரும் போய் நிற்கும் இடம். மருதானையில் வேலை செய்யும் மச்சானிடம் சொல்லி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூலையில் உள்ள முத்திரையைப் படம் பிடிக்கச் சொன்னேன். ஜப்பானின் அசாஹி கண்ணாடி என்றால் 'டெம்பர்லைட்' என்று இருந்தால் டெம்பர், 'லாமிசேஃப்' என்று இருந்தால் படலம் வைத்தது. விளிம்பு முழுக்க விரலை ஓட்டி, பொடிந்த இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். டெம்பர் கண்ணாடி முகத்தில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. பிறகு மல்டிமீட்டரைக் கோடுகளின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லாக் கோடுகளும் சேர்ந்து ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டினால் 12 வோல்ட்டில் 12 அம்பியர் இழுக்கும், அது நல்ல சூடு. மீற்றர் அசையவே இல்லையென்றால் அந்தக் கண்ணாடி வேண்டாம். கடைக்காரர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தாராம்.

கண்ணாடி பழையது, ரப்பர் புதிது. இதை மாற்றிச் செய்யாதீர்கள். கண்ணாடிக்கு வயதாவதில்லை, ரப்பருக்கு ஆகும். பழைய ரப்பரைக் கழற்றி மடித்துப் பார்த்தேன், மூலையில் வெடித்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது.

மச்சான் ஊருக்கு வரும்போது வானில் கொண்டுவந்தார். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் இறுக்கி. அவிசாவளை, கித்துள்கல, கினிகத்தேனை என்று அந்த வளைவுகளைத் தாண்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

துரு

கண்ணாடி வந்துவிட்டது, அன்றைக்கே போட்டுவிடலாம் என்றுதான் டிக்கோயாவில் பழக்கமான கராஜுக்குப் போனேன். பாஸ் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் கதவின் ஓட்டையைச் சுற்றி, ரப்பர் கவ்விப்பிடிக்கும் தகட்டு விளிம்பை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டிக்கொண்டே போனார். மேல் பக்கம் டிங், டிங். கீழ் மூலைக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், நுனி உள்ளே போய்விட்டது.

"தம்பி, கண்ணாடி போடுறது ஒரு மணித்தியால வேல. அது நிக்கிற எடம் இருக்கே, அதுக்குத்தான் நாள் போகும்."

இந்த முழு வேலையையும் அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். ரப்பருக்கு அடியில் இத்தனை வருஷமாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மே தொடங்கி செப்டெம்பர் வரை விடாமல் ஊற்றும். ரப்பரின் வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர் கீழ் விளிம்பில் தங்கி, வெளியே ஒரு கறைகூடக் காட்டாமல் தகட்டைத் தின்றிருக்கிறது. அந்தக் கல் படாமல் இருந்திருந்தால் கதவே கையோடு வரும் வரை எனக்குத் தெரிந்திருக்காது.

முதலில் கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். கழற்றுவதில் ஒன்றுமில்லை, கிளிப்புகள்தான் பாதி உடையும், முன்கூட்டியே புதிது வாங்கி வையுங்கள். கதவின் வயிற்றுக்குள் கைப்பிடி கைப்பிடியாகக் கண்ணாடித் துகள். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை அது அடைத்திருந்தது. மேலே எவ்வளவு நன்றாகப் போட்டாலும் இந்த ஓட்டைகள் அடைந்திருந்தால் கதவு குளமாகும், பிறகு மறுபடி துரு. வேக்குவம் போட்டு உறிஞ்சி, கம்பி விட்டு ஓட்டைகளைத் திறந்தோம். சீட் தண்டவாளத்திலும் பெல்ட் உள்ளே இழுக்கும் பெட்டியிலும் இன்றைக்கும் துகள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

அழுகிய மூலையை பாஸ் வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடித்தார். அதை நான் தொடவில்லை. மெல்லிய தகட்டில் வெல்டிங் பிடிப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும், கொஞ்சம் நின்றாலும் ஓட்டை பெரிதாகிவிடும். மற்ற இடங்களை நான் எடுத்துக்கொண்டேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த துரு மருந்தைப் பூசி, துரு கறுத்ததும் கழுவித் துடைத்தேன்.

அப்புறம் பெயின்ட். இங்கேதான் மலைநாடு தன் குணத்தைக் காட்டியது. வெயில் அடிக்கிறதே என்று பிரைமரைத் திறந்தால், டப்பாவைக் கலக்கி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கித் தகட்டில் வேர்த்துவிடுகிறது. பனி படியும் வெப்பநிலையை விடத் தகடு குறைந்தது 3 பாகை கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொதுவான கணக்கு. அந்தச் சூட்டுக்கு வானத்தை நம்பிப் பயனில்லை. கராஜ் மூலையில் படங்கு கட்டிக் கூடாரம் மாதிரி மறைத்து, ஹலோஜன் விளக்கு ஒன்றைக் கதவுக்குக் கிட்ட எரியவிட்டு, தகடு கைக்கு இளஞ்சூடாக ஆனபிறகே பூசினேன். துத்தநாகப் பிரைமர், அது நன்றாகக் காய்ந்ததும் மேல் நிறம். காயாமல் ரப்பரைப் போட்டால் பெயின்ட் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பாஸ் பயமுறுத்தியதால் அந்தக் கிழமை முழுக்க ஜீப் அங்கேயே கிடந்தது. நான் பஸ்ஸில் போய் வந்தேன்.

கயிறு

புதிய வண்டிகளில் பின் கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். யூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை எடுத்து இறுகும், குளிரில் மெதுவாக இறுகும். அது வேறு வேலை, வேறு கருவி. என் ஜீப்பில் ரப்பர் மட்டும்தான், அதனால்தான் தைரியம் வந்தது.

ரப்பரில் இரண்டு பள்ளம். ஒன்று கண்ணாடிக்கு, மற்றது தகட்டு விளிம்புக்கு. முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டவேண்டும். காலைக் குளிரில் ரப்பர் விறைத்துப்போய் மூலையில் உட்காரவே மாட்டேன் என்றது. பாஸின் மனைவி தேத்தண்ணீருக்கு வைத்திருந்த கேத்தலைப் பார்த்ததும் யோசனை வந்தது. ஒரு பேசின் சுடுதண்ணீரில் ரப்பரைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு எடுத்தேன், சொன்னபடி வளைந்தது. "தேத்தண்ணி இன்னிக்கி ரப்பருக்குத்தான் போல" என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

அடுத்து, விளிம்புக்குரிய பள்ளத்துக்குள் சுற்றிலும் நைலோன் கயிற்றைத் திணிக்க வேண்டும். பென்சிலை விட மெல்லிசான கயிறு போதும். இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் அளவு ஏறியிருக்க வேண்டும். விளிம்பிலும் ரப்பரிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாகப் பூசினோம். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். வெளியே இருந்து பாஸும் மச்சானும் கண்ணாடியைக் கீழ் விளிம்பில் உட்கார வைத்து உள்ளங்கையால் அமுக்க, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையை இழுத்தேன். கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்துகொண்டே வருகிறது. வெளியே தட்டுகிறவரின் கை கயிறு வரும் இடத்தைத் தொடர்ந்தே நகர வேண்டும். இரண்டு பேரும் பேசிக்கொண்டே செய்தால் சுகம், பேசாமல் செய்தால் ரப்பர் கிழியும். கடைசி மூலையில் டப் என்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு திருப்தி.

ஹோஸ் பிடித்துச் சோதித்தோம். கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியாது. நான் உள்ளே டோர்ச்சோடு, உள் விளிம்பில் பவுடர் தூவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் பிடித்த மூலையில் பவுடர் நனைந்தது. புதுத் தகடு சேரும் இடத்தில் விளிம்பு கொஞ்சம் தடித்திருந்ததால் உதடு முழுக்கப் படியவில்லை.

மச்சான் சிலிக்கன் டியூப்பை எடுத்தார், பாஸ் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வினாகிரி வாசம் வரும் சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும், வெறும் தகட்டில் பட்டால் துருவை நாமே கூப்பிட்ட மாதிரி. இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டைல் சீலன்ட் வாங்கி, பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் உதட்டைத் தூக்கி அடியில் செலுத்தினோம். மறுபடி ஹோஸ், பவுடர் காய்ந்தே இருந்தது.

கண்ணாடியில் பழைய டின்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்பக்கம் பிளேடு போட்டுச் சுரண்டினால் சூடேறும் கோடுகளும் சேர்ந்து வந்துவிடும், ஆகவே சுடுதண்ணீர்த் துணியை ஒற்றி ஒற்றிக் கோட்டின் போக்கிலேயே உரித்தேன். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்ததில் ஒரு கோடு மட்டும் பனியைக் கரைக்கவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் உடம்புத் தகட்டில் வைத்து, சிவப்பைக் கோட்டின் மேல் நகர்த்தினேன். நல்ல கோட்டில் நடுவில் 6 வோல்ட் அளவில் காட்டும். இந்தக் கோட்டில் 12இல் நின்றுகொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று பூச்சியம். அங்கேதான் வெட்டு. இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயின்டை ஒரு சொட்டு வைத்ததும் சரியாகிவிட்டது.

செலவில் கண்ணாடியும் ரப்பரும் ஒரு பாதி, துருவுக்கான வெல்டிங், பிரைமர், பெயின்ட் மறு பாதி. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கண்ணாடி உடையும் வரை காத்திருக்க வேண்டாம். கீழ் மூலையில் ரப்பர் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பின் வைப்பர் மோட்டார் மட்டும் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. உள் அட்டை கழன்றிருந்தபோதே அதையும் பார்த்திருக்கலாமே என்று மச்சான் கேட்கிறார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் மறுபடி அந்தக் கிளிப்புகளை உடைக்க வேண்டியதுதான்.